படகுக்குள் வாங்கிய கடி

பிரானா என்னைக் கடித்திருக்கிறது. இதைச் சொன்னதும் எல்லோரும் ஒரே கேள்விக்குத்தான் வருகிறார்கள்: "தண்ணீரில் விழுந்துவிட்டீர்களா?" விழவில்லை. நான் படகுக்குள், பலகையின் மேல், உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். தண்ணீரை விட்டு வெளியே வந்திருந்தது மீன்தான், அதுவும் தன் விருப்பத்துக்கு வரவில்லை, நான் தூண்டில் போட்டு இழுத்துப் போட்டிருந்தேன். அப்புறம் அதன் வாயிலிருந்து முள்ளை நானே எடுக்கிறேன் பேர்வழி என்று கையை நீட்டினேன். அவ்வளவுதான் கதை.

இவ்வளவு சப்பென்ற கதையை ஏன் எழுத உட்கார்ந்தேன் என்றால், ஊருக்குத் திரும்பிப் பிரானாவைப் பற்றிப் படிக்கப் படிக்க, என் கடிதான் வழக்கமான கடி என்று தெரியவந்தது. அந்த ஆறுகளில் பிரானாவிடம் விரலைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் மீன்பிடிப்பவர்கள். வலையில் சிக்கியதையோ தூண்டிலில் மாட்டியதையோ எடுக்கும்போது, படகுக்குள்ளேயே, கடி விழுகிறது. நாம் திரையில் பார்த்துப் பழகிய காட்சி, தண்ணீர் கொதிப்பதும் இரண்டு நிமிடத்தில் எலும்புக்கூடு மிதப்பதும், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

நடந்தது பிரேசிலில், அமேசானாஸ் மாநிலத்தில். மனௌஸ் நகரத்துக்கு மேற்கே அமேசானுக்குச் சொலிமோயிஸ் என்று பெயர். அதை ஒட்டிக் கிடக்கும் ஏரிகளில் ஒன்று. அக்டோபர் மாதம், தண்ணீர் நன்றாக இறங்கியிருந்த சமயம். கரை மரங்களில் போன வெள்ளம் நின்ற கோடு என் தலைக்கு மேலே எங்கேயோ தெரிந்தது. படகோட்டிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் எனக்குத் தெரிந்த போர்த்துகீசும் சேர்த்தால் ஒரு முழு வாக்கியம் தேறும், மீதி எல்லாம் கைஜாடை.

மீன் பிடிக்கும்போது மூச்சுவிடக்கூடாது, பேசக்கூடாது என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். இவரோ மாட்டிறைச்சித் துண்டை முள்ளில் குத்தியதும், கழியின் நுனியைத் தண்ணீரில் விட்டுப் பளார் பளார் என்று அடித்தார். ஏதோ ஒன்று தவறி விழுந்து தத்தளிக்கிறது என்று கீழே இருப்பவர்களுக்குத் தகவல் அனுப்புவதற்காம். நைலான் நரம்பை நேராக முள்ளில் கட்டவில்லை, நடுவே ஒரு சாண் கம்பி. கம்பி இல்லாவிட்டால் முள்ளோடு போய்விடும் என்று ஜாடையில் கத்தரித்துக் காட்டினார்.

முதல் பத்துத் துண்டு இறைச்சியை நான் தானம்தான் செய்தேன். ஒரு சின்னத் துடிப்பு வரும், தூக்கிப் பார்த்தால் முள் பளபளவென்று கழுவிவைத்த மாதிரி இருக்கும். பதினொன்றோ பன்னிரண்டோ மாட்டியது. உள்ளங்கை அகலம், முதுகு வெள்ளி கலந்த சாம்பல், வயிறு ஆரஞ்சும் சிவப்பும். 'பிரான்யா காஜு' என்றார். காஜு என்றால் முந்திரி, பழுத்த முந்திரிப்பழத்தின் நிறம். உலகம் முழுக்கச் சிவப்பு வயிற்றுப் பிரானா என்று பேர்வாங்கியது இதுதான். பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழியில் 'பிரா' என்றால் மீன், பெயரின் பின்பாதி பல்லைக் குறிப்பது என்பார்கள். நாம் எழுதும் 'பிரானா'வை அங்கே 'பிரான்யா' என்று மூக்கில் இழுத்துச் சொல்கிறார்கள்.

அவர் அதைச் செவுளுக்குப் பின்னால் பிடித்து, ஒரு இலையைப் பறித்து வாயருகே நீட்டினார். கத்தரியால் வெட்டிய மாதிரி அரைவட்டமாக இலை போயிற்று. சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் வித்தை என்று தெரிந்தாலும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். ஆனால் என் கவனத்தை இழுத்தது வேறு. மீன் கத்தியது. க்ரொக், க்ரொக் என்று, அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி. மீன் சத்தம் போடும் என்றே எனக்கு அதுவரை தெரியாது.

இந்தச் சத்தத்தை பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் பார்மான்டியே குழுவினர் தொட்டியில் ஒலிவாங்கி வைத்துக் கேட்டு 2011-ல் எழுதியிருக்கிறார்கள். கையில் பிடித்தால் கத்தும் என்பது முன்பே தெரிந்த விஷயம்தான், கைப்பிடியில் இல்லாதபோது தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்பதுதான் அவர்களுடைய கேள்வி. மூன்று சத்தங்கள் கிடைத்தன. இரண்டு மீன்கள் முகத்துக்கு முகம் முறைத்துக்கொண்டு நிற்கும்போது குரைப்பு மாதிரி ஒன்று. தீனிக்காகச் சுற்றிச் சுற்றி மோதும்போது பறையைத் தட்டினாற்போல ஒன்று. இவை இரண்டும் காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசைகள் படபடவென்று சுருங்குவதால் வருபவை. மூன்றாவது, ஒன்றை ஒன்று துரத்தும்போது பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம். எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், முறைப்புகளில் பெரும்பாலானவை கடியில் முடிவதில்லை. சத்தம் போட்டு, மிரட்டி, விலகிப் போய்விடுகின்றன. அந்த ஆய்வில் ஆய்வாளர்களே விரலில் கடி வாங்கி மருத்துவமனைக்குப் போனார்கள் என்று படித்தபோது, என் மேல் எனக்கிருந்த எரிச்சல் பாதி குறைந்தது.

சரி, என் கடிக்கு வருகிறேன். இரண்டாவது மீனை நானே கழற்றுகிறேன் என்று பிடித்தேன். செவுளுக்குப் பின்னால்தான் பிடித்தேன், ஆனால் வழுக்கியது. அது உடம்பை ஒரு முறுக்கு முறுக்கியது, அவ்வளவுதான் தெரியும். ஒரு நொடி வலியே இல்லை. இடது கட்டைவிரலின் பக்கத்தில் சுண்டுவிரல் நகத்தில் பாதியளவு சதை இல்லை. கிழிசல் எதுவும் கிடையாது, துளைபோடும் கருவியால் எடுத்த மாதிரி சுத்தமான அரைவட்டம். அப்புறம் ரத்தம் வந்தது, வலியும் வந்தது, நிறையவே வந்தது. படகோட்டி சிரித்துக்கொண்டே துணியைச் சுற்றிவிட்டுத் தன் கைகளை விரித்துக் காட்டினார். மூன்று தழும்புகள், ஒரு விரலின் நுனி கொஞ்சம் மொட்டை. ஒவ்வொன்றாகத் தொட்டு, அடுத்து படகைத் தொட்டுக் காட்டினார். படகு, படகு, படகு.

இந்த வாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பிரமிப்புத்தான். மேலும் கீழும் ஒரே வரிசையில் முக்கோணப் பற்கள், மூடினால் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திக்கொள்ளும். பக்கத்துப் பற்களும் தங்களுக்குள் கோத்துக்கொண்டு நிற்கின்றன. அதனால் ஒரு பல் மட்டும் தனியாக விழாமல், தாடையின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே செட்டாக விழுந்து, கீழே தயாராக இருக்கும் புதுச் செட் மேலே வருகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2019-ல் இதை விரிவாகக் காட்டினார்கள். கடியின் பலத்தை அளந்தவர்களும் உண்டு. ஷிங்கு ஆற்றில் பிடித்த கருப்புப் பிரானாக்களைக் கருவியைக் கடிக்கவைத்துப் பார்த்ததில் அதிகபட்சம் 320 நியூட்டன், அதாவது மீனின் சொந்த எடையைப்போலக் கிட்டத்தட்ட 30 மடங்கு. கயானா பகுதிப் பழங்குடி வேட்டைக்காரர்கள் காய்ந்த பிரானா தாடையை ஊதுகுழல் அம்புகளோடு சேர்த்தே வைத்திருப்பார்கள், அம்பு முனையைச் சீவவும் கோடு கீறவும் அதுதான் கத்தி. ஆக, ஆயுதம் பயங்கரமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கட்டைவிரல் சாட்சி. அதை யார்மேல், எப்போது எடுக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

விரலில் துணி சுற்றி நான் உட்கார்ந்திருக்க, படகோட்டி அடுத்துச் செய்த காரியம்தான் என்னை இன்றைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மீன் பிடித்த இடத்திலிருந்து ஒரு கல்லெறி தூரத்தில் படகை நிறுத்தினார், சட்டையைக் கழற்றினார், குதித்தார். நீந்தினார். நான் வாயடைத்துப் பார்ப்பதைக் கண்டு, என் விரலைக் காட்டி 'நீ வேண்டாம்' என்றார். அதே மனிதர், திரும்பும் வழியில், ஏரியிலிருந்து அறுந்துபோய்த் தனியாகச் சுருங்கிக்கொண்டிருந்த ஒரு குட்டையைக் காட்டி, அங்கே நான் காலைக்கூட நனைக்கமாட்டேன் என்பதுபோல் தலையை வேகமாக ஆட்டினார்.

அவருக்குப் பிரானா பயமும் இல்லை, பிரானா ஒன்றும் செய்யாது என்ற வீறாப்பும் இல்லை. எந்தத் தண்ணீர், எந்த மாதம், அதில் நேற்று யார் என்ன கொட்டினார்கள், இதுதான் அவர் கணக்கு. வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதியதில் இந்தக் கணக்கு எங்கேயோ விழுந்துபோய், மீன் மட்டும் மிஞ்சியது.

வெளியிலிருந்து வந்தவர்களில் மிகப் பெரிய பெயர் தியோடர் ரூஸ்வெல்ட். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர், 1912 தேர்தலில் தோற்றதும் தென் அமெரிக்கா கிளம்பினார். 1914-ல் வந்த அவருடைய பயணப் புத்தகத்தில் பிரானாதான் உலகிலேயே மிக மூர்க்கமான மீன், தண்ணீரில் ரத்தம் பட்டால் அதற்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று எழுதினார். அவருக்குக் காட்டுவதற்காக ஆற்றின் ஒரு பகுதியை வலைகட்டி அடைத்து, பிரானாக்களைப் பட்டினி போட்டு, ஒரு மாட்டைத் தள்ளிவிட்டார்கள் என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. அதை ஓரமாக வைத்துவிடுவோம், அவர் எழுதியதே போதும். அந்தப் புத்தகத்தில் பிரேசில் ராணுவ லெப்டினன்ட் ஒருவருடைய சம்பவம் வருகிறது. வெடிவைத்து மீன் பிடித்தபோது, இரண்டு கையும் நிறைந்துபோனதால் மயங்கிக் கிடந்த ஒரு மீனைப் பல்லில் கவ்விக்கொண்டாராம். அது பிரானா. மயக்கம் தெளிந்து நாக்கில் ஒரு துண்டை எடுத்துவிட்டது, ரத்தப்போக்கில் ஆள் பிழைத்ததே பெரிய விஷயம். படித்துவிட்டு நெடுநேரம் சிரித்தேன், பாவம்தான், ஆனாலும் சிரித்தேன். அவரும் நம்ம கட்சி, மீனைக் கையாளத் தெரியாத கட்சி. (அவர் கையால்கூடப் பிடிக்கவில்லை.)

அதே பயணத்தில் ரூஸ்வெல்ட்டும் பிரேசில் ராணுவ அதிகாரி காந்திடோ ரொண்டோனும் யாரும் வரைபடத்தில் சேர்க்காத ஓர் ஆற்றில் வாரக்கணக்கில் இறங்கிப் போனார்கள். பாறைகளுக்கு நடுவே படகுகளைத் தள்ளிக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு. ரூஸ்வெல்ட் காலில் பாறை இடித்துக் காயம்பட்டதே அந்த ஆற்றுத் தண்ணீருக்குள்தான். அந்தக் காயம் சீழ்பிடித்து, காய்ச்சலும் சேர்ந்து, அவரைச் சாவின் வாசல்வரை கொண்டுபோயிற்று. குழுவில் ஒருவர் அருவியோட்டத்தில் மூழ்கி இறந்தார், ஒருவரைக் கூட வந்தவனே சுட்டுக் கொன்றான், கொன்றவனைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். பிரானாவுக்கு இரையானவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஊருக்கு வந்து சேர்ந்த கதை பிரானாவினுடையது.

ரூஸ்வெல்ட் மேல் மட்டும் பழிபோடுவதும் நியாயமில்லை. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, 1800-ல், ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றுப் பக்கம் இதே இன மீன்களைப் பார்த்துவிட்டு, சில சொட்டு ரத்தம் விட்டால் ஆயிரக்கணக்கில் மேலே வருகின்றன என்று எழுதினார். அங்கே அதற்குப் பெயர் 'கரிபே'. நரமாமிசம் தின்பவர்கள் என்று ஐரோப்பியர்கள் முத்திரை குத்திய மக்களின் பெயரையே மீனுக்கும் வைத்திருக்கிறார்கள்.

இப்போது மறுபக்கம். மனௌஸுக்கு மேற்கே, சொலிமோயிஸும் ஜப்புரா ஆறும் சேரும் இடத்தில் மமிராவா என்று ஒரு காப்பகம் இருக்கிறது. வருஷத்தில் தண்ணீர் 10 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், வெள்ளத்தில் காடே ஏரியாகும், மீன்கள் மரங்களுக்கு நடுவே போய்விடும், வறட்சியில் மிச்சமிருக்கும் தண்ணீருக்குள் எல்லாம் நெருக்கியடித்துக்கொள்ளும். அங்கே வேலை செய்த எல்டர் கெய்ரோஸும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் ஆன் மகுரானும் 2005-ல் ஒரு சின்ன, அழகான சோதனையை வெளியிட்டார்கள். சிவப்பு வயிற்றுப் பிரானாக்களை இரண்டிரண்டாகவும் எட்டு எட்டாகவும் தொட்டியில் விட்டு, செவுள் எத்தனை வேகமாக அடித்துக்கொள்கிறது என்று எண்ணினார்கள். இரண்டாக இருந்தவை எட்டாக இருந்தவற்றைவிட வேகமாக மூச்சு வாங்கின. வேட்டைப்பறவை வருவதுபோலப் போலித் தாக்குதல் நடத்தினால், எட்டுப்பேர் கூட்டம் சீக்கிரம் பழைய நிலைக்கு வந்தது.

அதாவது அந்தப் புகழ்பெற்ற பிரானாக் கூட்டம் வேட்டைக்குக் கிளம்பிய படை இல்லை. பயந்து ஒட்டிக்கொண்டிருக்கும் கூட்டம். பயப்படக் காரணமும் இருக்கிறது. ஆற்று டால்பின், கெய்மன் முதலை, பெரிய நீர்நாய், நீர்க்காகம், ஆளுயரம் வளரும் பிராருக்கு மீன் என எல்லோருக்கும் இது இரை. தொட்டியில் வளர்ப்பவர்களைக் கேட்டால் அவர்கள் முதலில் சொல்லும் புகாரும் இதுதான்: விளக்கைப் போட்டால் மூலைக்கு ஓடி ஒளிகிறது.

சாப்பாட்டு விஷயத்திலும் அதன் பேருக்கு ஏற்ற வாழ்க்கை இல்லை. மற்ற மீன்களின் துடுப்பு, செதில், பூச்சி, இறால், விழுந்த பழம், விதை, செத்த உடல் என்று கிடைத்ததைக் கொறிக்கும். மிக நெருங்கிய சொந்தமான பாக்கு மீன் பழமும் விதையும் உடைத்துத் தின்பது, அதன் பற்கள் பார்ப்பதற்கு நம் கடைவாய்ப் பற்கள் மாதிரியே இருக்கும், கொஞ்சம் அருவருப்பாகத்தான் இருக்கும்.

அப்படியானால் மனிதர்களைக் கடிப்பதே இல்லையா? கடிக்கிறது. சாவோ பவுலோ மாநிலத்தில் சான்டா குரூஸ் தா கான்செய்சாவோ என்ற சிற்றூரில், அணைகட்டித் தேக்கிய நீரில், ஐந்து வார இறுதிகளில் 38 பேர் கடிபட்டார்கள். விடால் அடாட் என்ற மருத்துவரும் இவான் சாசிமா என்ற உயிரியலாளரும் 2003-ல் இதை எழுதினார்கள். நான் இரண்டு தடவை படித்த கட்டுரை. காரணம் பசியும் இல்லை, ரத்தவெறியும் இல்லை. ஓடும் ஆற்றை நிறுத்தினால் தண்ணீர் தேங்குகிறது, மிதக்கும் செடிகள் படர்கின்றன. அந்தச் செடிகளின் வேர்தான் இந்த வகைப் பிரானாவுக்கு முட்டையிட வசதியான இடம். முட்டையிட்டதும் பெற்ற மீன் காவல் நிற்கும். அதே கரையில், அதே வெயில் மாதங்களில், குடும்பம் குடும்பமாகக் குளிக்க வருகிறார்கள். கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு கால் வருகிறது, காவல் மீன் ஒரு கடி கடிக்கிறது, கால் ஓடிவிடுகிறது. ஒரு ஆளுக்கு ஒரே கடி. கூட்டமாகப் பாய்ந்து தின்ற சம்பவம் ஒன்றுகூட இல்லை. தெருநாய் குட்டிபோட்ட இடத்தைத் தாண்டிப் போனவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் 2013 கிறிஸ்துமஸ் அன்று நடந்தது இதைவிடப் பெரியது. 38 டிகிரி வெயில், ஊரே பரானா ஆற்றில் இறங்கியிருந்தது. பலோமேட்டா என்று அங்கே சொல்லப்படும் பிரானா வகை சுமார் 70 பேரைக் கடித்தது, ஒரு சிறுமி விரலின் ஒரு பகுதியை இழந்தாள். சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை, அந்தக் குழந்தைக்கு அது ஆயுள் முழுக்க. ஆனால் செய்தியில் வந்த இன்னொரு வரி என் மனதில் நின்றுவிட்டது: கரையேறச் சொல்லி அரைமணி நேரம்கூட ஆகவில்லை, வெக்கை தாங்காமல் பலர் மறுபடி தண்ணீரில் இறங்கிவிட்டார்கள்.

எலும்புக்கூடு கதைகளும் முழுப் பொய் இல்லை. ஆற்றிலிருந்து மீட்ட உடல்களைப் பிரானா தின்றிருந்த சம்பவங்களைப் பந்தனால் சதுப்புநிலத்தில் ஆராய்ந்து இதே சாசிமா 1987-லேயே எழுதியிருக்கிறார். ஆனால் அந்த மனிதர்களைக் கொன்றது பிரானா இல்லை, முதலில் இறந்தார்கள், பிறகு மீன் வந்தது. எலும்பைப் பார்ப்பவருக்கு வரிசை தலைகீழாகத் தெரிவதில் ஆச்சரியமும் இல்லை.

பிரேசிலில் 'பொய் ஜி பிரான்யா' என்று ஒரு சொல்வழக்கு உண்டு, 'பிரானாவுக்கு விட்ட மாடு'. மந்தை ஆற்றைக் கடக்கும்போது, நோஞ்சான் மாடு ஒன்றைத் தள்ளி ஓரிடத்தில் இறக்கிவிட்டு, மீன் அங்கே கவனமாக இருக்கும்போது மற்றவற்றை ஓட்டிப்போவது. இன்றைக்கு அங்கே அரசியல் செய்திகளில் பலிகடா ஆக்கப்பட்டவரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பெண்கள் கூந்தலில் மாட்டும் பல்வைத்த கிளிப்புக்கும் பெயர் பிரான்யாதான். வீட்டுச் சாமானுக்குப் பெயர் வைக்கும் அளவு பழகிப்போன மீன்.

அன்று சாயங்காலம் படகோட்டியின் மிதவை வீட்டுக்குத்தான் போனோம். பிடித்த பிரானாக்களை ஒரு வாளியில் போட்டு, கத்தியும் எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். வாசல் பலகை வசதியாக இருக்க, எதற்கு இன்னொரு தடவை படகெடுக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நீரோட்டம் போகும் திசையில் நல்ல தூரம் துடுப்புப் போட்டுப் போய், அங்கே வைத்துத்தான் செதில் உரித்தார், குடலை எறிந்தார். அந்த இடத்தில் தண்ணீர் சலசலத்தது இங்கிருந்தே தெரிந்தது. இங்கே, வாசல் பலகையிலிருந்து, அவருடைய பேரப்பிள்ளைகள் மூன்றுபேர் ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீருக்குள் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் துணி சுற்றிய விரலை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பலகையின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். சூப் வந்தது. முள் அதிகம்.